வீட்டில் இருக்கிற தானியம்

(சேந்தமங்கலத்தில் கூடிய மருத்துவமனை ஆதரவாளர் ஐக்கியத்தில், மூத்த செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசிய டாக்டர் ஐயா, உங்கள் காணிக்கையினால் வாங்கப்பட்ட கருவிகளைப் பற்றியும், இந்த ஆண்டு நடந்த அறுவை சிகிச்சைகளைப் பற்றியும் விவரமாகச் சொன்னார்கள். நான் பேசப்போவது கஞ்சியைப் பற்றி. சிலர் சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. காலையில் வீட்டில் ஒரு குவளை சூடான, சத்துள்ள கஞ்சி காய்ச்சுவது எப்படி, அதில் நான் செய்த ஒரு தவறு என்ன என்பதையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளுகிறேன்.

யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். சீஷர்கள் இராமுழுவதும் வலை போட்டும் ஒன்றும் அகப்படாமல், களைத்துப்போய்க் கரைக்கு வருகிறார்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவர் அங்கே கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்திருக்கிறார். பேதுருவோடு அவர் பேச வேண்டிய முக்கியமான காரியம் ஒன்று இருந்தது. ஆனாலும் அதை முதலில் எடுக்கவில்லை. முதலில் சாப்பிட வைத்தார், பிறகுதான் பேசினார். மருத்துவமனையில் நாங்கள் பல நேரம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் புத்திமதி சொல்லுகிறோம். காலையில் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை.

பல வருஷங்களுக்கு முன் கொல்லிமலையிலிருந்து ஒரு குடியானவர் இருதயக் கோளாறோடு நம்மிடம் வந்து சேர்ந்தார். இரத்தத்தில் கொழுப்பும் கூடுதல், இரத்த அழுத்தமும் கூடுதல். தேவ கிருபையால் பிழைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகும் நாளில் அவருடைய மனைவியை அழைத்து, மாத்திரைகளைக் காட்டி விளக்கிவிட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில், "தினமும் காலையில் ஓட்ஸ் கஞ்சி" என்று எழுதிக் கொடுத்தேன். புத்தகத்தில் படித்ததைத்தான் எழுதினேன். நல்ல ஆலோசனை சொன்ன திருப்தியோடு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

ஒரு மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். அவர் இளைத்திருந்தார். இரத்த அழுத்தமோ குறையவில்லை. "நான் சொன்ன ஓட்ஸ் கொடுக்கிறாயா, அம்மா?" என்று கேட்டேன். "தெனமும் தவறாம குடுக்கறேன், சிஸ்டர். சந்தையில கோழி வித்து அதை வாங்கியாறேன்" என்றாள். பையிலிருந்து காலி உறையை எடுத்துக் காட்டினாள். மசாலாவும் உப்பும் சேர்த்து, சிறு சிறு உறைகளில் விற்கிற வகை அது. உப்பைக் குறைக்க வேண்டிய மனிதருக்கு, கோழியை விற்று உப்பை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். தன் பங்குக்கும் பிள்ளைகள் பங்குக்கும் காலையில் வெறும் கடுந்தேநீர்.

பிறகு அதே பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து என் கையில் வைத்தாள். "இது நம்ம காட்டுச் சாமைங்க, சிஸ்டர். புதுசு. உங்களுக்குன்னு குத்திக் கொண்டாந்தேன்."

"வீட்டில் சாமை வைத்துக்கொண்டா கடையில் வாங்கினாய்?" என்று கேட்டேன்.

"நீங்க எழுதிக் குடுத்தது ஓட்ஸுதானுங்களே. சாமை எங்களுக்கு, ஓட்ஸு சீக்குக்காரருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள்.

எனக்குப் பேச நா எழவில்லை. கடன்பட்ட விதவை எலிசாவிடம் வந்து முறையிட்டபோது, தீர்க்கதரிசி முதலில் அவள் வீட்டில் என்ன உண்டு என்று விசாரித்தான். ஒரு குடம் எண்ணெய் இருந்தது. அதிலிருந்தே அவளுக்கு விடுதலை வந்தது. ஞாயிறு பள்ளியில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த கதை அது. ஆனால் அந்தக் கேள்வியை நான் இந்தத் தாயிடம் கேட்கவில்லை.

ஓட்ஸ் கெட்டது என்று நான் சொல்லுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது நல்ல தானியம். அதில் பீட்டா குளுக்கான் என்ற ஒருவகை நார்ச்சத்து இருக்கிறது. கஞ்சி காய்ச்சும்போது கொழகொழவென்று வருகிறதே, அதுதான். அது குடலில் பித்த உப்புகளைப் பிடித்து வெளியே கொண்டுபோகிறது. இழந்த பித்தத்தை ஈடுசெய்ய ஈரல் இரத்தத்திலுள்ள கொழுப்பை எடுத்துச் செலவழிக்கிறது. இப்படியாகக் கெட்ட கொழுப்பு ஓரளவு குறைகிறது. நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் போதும் என்ற கணக்கில், ஓட்ஸ் உணவுகளின் உறையில் அதைப் போட்டுக்கொள்ள 1997-இல் அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறை அனுமதி கொடுத்தது. ஆனாலும் அது மாத்திரைக்குப் பதில் ஆகாது, மாத்திரைக்குத் துணை.

இந்த ஓட்ஸும் ஒரு காலத்தில் இகழப்பட்ட தானியம்தான். 1755-இல் சாமுவேல் ஜான்சன் என்ற ஆங்கில அறிஞர் வெளியிட்ட அகராதியில், இங்கிலாந்தில் இது குதிரைத் தீனி, ஸ்காட்லாந்திலோ மனிதர் சாப்பாடு என்று கேலியாக எழுதினார். ஸ்காட்லாந்து ஜனங்கள் வெட்கப்பட்டு அதை விட்டுவிடவில்லை. குளிர்ந்த மலைநாட்டில் விளைந்ததைத் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் காய்ச்சிக் குடித்து வளர்ந்தார்கள். இன்று அதே தானியம் அழகான டப்பாவில் நம் ஊர்க் கடைக்கு வந்துவிட்டது. நம்முடைய கூழோ, விருந்தாளி வந்தால் மூடி மறைக்கிற பொருளாகிவிட்டது.

நம் பகுதியின் தானியத்தைக் கொஞ்சம் பாருங்கள். சேந்தமங்கலத்திலிருந்து காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. 1913-இல் ஜெஸ்ஸி பிராண்ட் ஐயாவும் ஈவ்லின் அம்மாவும் திருமணமாகி அந்த மலைக்குக் குடிபோனபோது இந்தப் பாதை இல்லை. ஐயா 1929-இல் மலையிலேயே காய்ச்சலில் மரித்தார். அம்மா 1974-இல் தமது 95-ஆம் வயதில் மரிக்கும்வரை மலைகளை விடவில்லை. அவர்களுடைய மகன் டாக்டர் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளை நிமிர்த்திய கதை உங்களுக்குத் தெரியும். அவர்கள் வாழ்ந்த அந்த மலையில் தலைமுறை தலைமுறையாக விளைந்து வந்தவை சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு. சாமையில் மட்டும் வெள்ளைப் பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்று பல வகை உண்டு.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையைப் பார்ப்போம். 100 கிராம் சாமையில் புரதம் ஏறக்குறைய 10 கிராம், நார்ச்சத்து 7 கிராமுக்கு மேல். தீட்டிய பச்சரிசியில் புரதம் 8 கிராம், நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 364 மில்லி கிராம்; அரிசியில் 10 மில்லி கிராமுக்கும் குறைவு. கம்பில் இரும்புச் சத்து 6 மில்லி கிராமுக்கு மேல். அரிசியில் ஒரு மில்லி கிராம்கூட இல்லை. ஓட்ஸின் பீட்டா குளுக்கான் சாமையில் அந்த அளவுக்குக் கிடையாது. அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் பசியாறவும், மெதுவாகச் செரிக்கவும், உப்பைக் குறைத்து நம் விருப்பப்படி காய்ச்சவும் சாமை எதற்கும் சளைத்ததல்ல.

அப்படியானால் ஏன் குறைந்துபோயிற்று? வெட்கம் மட்டும் காரணமல்ல. சாமையின் உமி கடினமானது. உரலிலிட்டுக் குத்திப் புடைத்து அரிசியாக்குவது பெண்களின் முதுகை ஒடிக்கிற வேலை. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காகக் குச்சிக்கிழங்கு போட்டால் கையில் பணம் வந்தது. ரேஷன் கடையில் அரிசியும் கிடைத்தது. யார் குத்துவார்கள்? மறைந்த டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் அவர்களின் ஆராய்ச்சி நிறுவனத்தார் கொல்லிமலையில் பெண்கள் குழுக்களுக்குச் சிறு அரவை இயந்திரங்கள் கிடைக்க உதவி செய்தார்கள். உமி நீக்கும் பாரம் குறைந்த இடங்களில் சாமை திரும்பவும் அடுப்புக்கு வந்தது. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

சரி, இனி அடுப்பண்டை வருவோம். தாய்மார்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, சாமைக் கஞ்சி. நான்கு பேருக்கு ஒரு டம்ளர் சாமையரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு போதும். சாமையில் சிறு கல் இருக்கும். ஆகையால் நன்றாக அரித்து, நிழலில் உலர்த்தி, வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்து, மிக்சியில் இரண்டு சுற்றுச் சுற்றிக் குருணையாக உடைத்துக்கொள்ளுங்கள். மாவாக்க வேண்டாம். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் உடைத்து வையுங்கள். சிறுதானியத்தில் கொழுப்பு உண்டு. உடைத்து வெகுநாள் வைத்தால் காறிப்போகும்.

காலையில் ஏழு டம்ளர் தண்ணீர் கொதித்ததும் ஆறு பல் பூண்டு, ஒரு கரண்டி சீரகம், அரைக் கரண்டி வெந்தயம் போட்டு, குருணையையும் பருப்பையும் கொட்டிக் கிளறுங்கள். தீயைக் குறைத்து இருபது நிமிடம் வேகட்டும்; குக்கரானால் மூன்று விசில். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு பிடி முருங்கைக் கீரை. உப்பை இறக்கும்போது போடுங்கள்; கொஞ்சமாகப் போட்டாலே நாவில் தெரியும். குவளையில் ஊற்றியபின் அரை மூடி எலுமிச்சை பிழிந்தால், அந்தப் புளிப்பு கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பை உடம்பில் சேர்க்கும். அதோடு காப்பியோ தேநீரோ குடிக்காதீர்கள். அது இரும்பைச் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். நாமக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு முட்டையை மறக்கலாமா? பக்கத்தில் ஒரு அவித்த முட்டை, முடியாவிட்டால் ஒரு பிடி வறுத்த நிலக்கடலை. இது முழுமையான காலை ஆகாரம்.

இரண்டாவது, பிள்ளைகளுக்குக் கேழ்வரகு. இரண்டு கரண்டி மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கைவிடாமல் கிண்டுங்கள். பச்சை வாசனை போய்ப் பளபளப்பு வரப் பத்து நிமிடம் ஆகும். பாலும் சிறிது வெல்லமும் சேர்த்துக் கொடுங்கள்.

மூன்றாவது, ஓட்ஸ் வாங்க வசதியுள்ளவர்கள் தாராளமாய் வாங்குங்கள். உறையைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே இருப்பவை என்ற இடத்தில் ஓட்ஸ் என்ற ஒரே பெயர் இருந்தால் போதும். சர்க்கரை, மசாலா, வாசனைப் பொருள் என்று பட்டியல் நீண்டால் கீழே வைத்துவிடுங்கள். ஒருவருக்கு அரை டம்ளர், அதாவது சுமார் 40 கிராம். ஒன்றரை டம்ளர் தண்ணீர் கொதித்ததும் போட்டு, சிறு தீயில் ஐந்து நிமிடம் கிளறி, மூடி வைத்து இரண்டு நிமிடம் விடுங்கள். பால் கடைசியில். இனிப்புக்குச் சர்க்கரைக்குப் பதில் ஒரு வாழைப்பழத்தை நறுக்கிப் போடலாம். மோரும் சீரகமும் சேர்த்தால் நம் நாவுக்கு இன்னும் ஒத்துவரும்.

ஒரு எச்சரிப்பும் சொல்ல வேண்டும். சிறுதானியம் என்றால் சர்க்கரை வியாதி ஓடிப்போகும் என்று சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சாமையிலும் ஓட்ஸிலும் மாவுச்சத்து இருக்கிறது. ஒரு குவளை நல்லது. மூன்று குவளை சர்க்கரையை ஏற்றும். மாவுக் கஞ்சியைவிடக் குருணைக் கஞ்சியும், நீர்த்த கஞ்சியைவிடக் கெட்டிக் கஞ்சியும் அவர்களுக்கு மேல். வெல்லம் வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்தத் தானியத்துக்கும் மாறுமுன் தங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

அந்த மலைக் குடும்பத்துக்குத் திரும்புகிறேன். அன்று அந்தத் தாயை மருத்துவமனைச் சமையற்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். அவள் கொண்டுவந்த சாமையையே உலையில் போட்டோம். உண்மையைச் சொன்னால், நான் சொல்லிக் கொடுத்தது உப்பைக் குறைப்பதும் பருப்பைச் சேர்ப்பதும் மட்டுமே. மற்றதெல்லாம் அவள்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். வெந்த பிறகு அவருக்கு ஒரு குவளை ஊற்றினோம். அவளுக்கும் ஒரு குவளை ஊற்றியபோது, "எனக்கெதுக்குங்க, அவருக்குத்தான சீக்கு" என்று பின்வாங்கினாள். குடிக்க வைத்தோம். அவள் நின்றுகொண்டே இரண்டாவது குவளையும் குடித்தாள். மலையிலிருந்து இறங்கி வர விடியுமுன் புறப்பட்டவள், அதுவரை ஒன்றும் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். அதையும் நான் கேட்டிருக்கவில்லை.

அதன்பின் அவர் பல வருஷம் சோதனைக்கு வந்துபோனார். மாத்திரையும் உண்டு, உப்பும் குறைவு, சாமையும் உண்டு. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. கோழிகள் வீட்டில் தங்கின, பிள்ளைகளுக்கு முட்டை கிடைத்தது என்பது மட்டும் தெரியும்.

அன்று முதல் புதிதாய் வருகிற செவிலியர் பிள்ளைகளுக்கு ஒரு காரியம் சொல்லி வருகிறேன். நோயாளிக்கு ஆகாரம் எழுதிக் கொடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? வீட்டில் என்ன தானியம் இருக்கிறது? யார் அடுப்பு மூட்டுகிறார்கள்? மூன்றாவது கேள்வி மிகவும் முக்கியம். கஞ்சிக்குத் தானியம் மட்டும் போதாது. விடியுமுன் எழுந்திருக்கிற ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் சாப்பிட்டாரா என்று யாராவது கேட்கவும் வேண்டும்.

இனி உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் நோயாளிகளைப் பார்க்க வரும்போது அன்போடு பிஸ்கட்டும் ரொட்டியும் சத்து பானப் பாட்டில்களும் கொண்டுவருகிறீர்கள். அந்த அன்பை நாங்கள் அற்பமாக எண்ணவில்லை. ஆனால் ஒரு பாட்டிலின் விலையில் ஒரு குடும்பத்துக்குப் பல நாள் கஞ்சிக்கு வேண்டிய தானியம் வாங்கலாம். அறுப்புப் பண்டிகையில் நீங்கள் ஆலயத்துக்குக் கொண்டுவருகிற முதற்பலனில் கொஞ்சம் சாமை, கேழ்வரகு, பாசிப்பருப்பு, நிலக்கடலை, வெல்லம் என்று மருத்துவமனைச் சமையற்கட்டுக்கென்று பிரித்து வையுங்கள். கட்டிலில் இருப்பவருக்கு மட்டுமல்ல, கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருக்கிற மனைவிக்கும் தாய்க்கும் காலையில் ஒரு குவளை கொடுக்க வேண்டும். ஒரு தேநீரும் பன்னுமாக வாரக்கணக்கில் காலத்தை ஓட்டுகிறவர்கள் அவர்கள்தான்.

நம் பாட்டிமார் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து ஊழியத்துக்கென்று தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். அந்தப் பிடி அரிசிக் காணிக்கையால் கட்டப்பட்ட சபைகள் உண்டு. அதைப்போல வாரத்தில் ஒரு நாள் உங்கள் வீட்டிலும் காலையில் சாமைக் கஞ்சி காய்ச்சுங்கள். குடும்பமாய் உட்கார்ந்து குடியுங்கள். அன்று காய்ச்சுமுன் ஒரு பிடியை நம் நோயாளிகளுக்கென்று எடுத்து வையுங்கள். விருந்தாளி வந்தால் மூடி மறைக்காமல் அவருக்கும் ஒரு குவளை ஊற்றுங்கள். உங்கள் மேசையில் வெட்கமில்லாமல் இருந்தால்தான், எங்கள் நோயாளியின் மேசையிலும் அது மருந்தாக மதிக்கப்படும்.

கரையிலே நெருப்பு மூட்டிக் காத்திருந்த ஆண்டவர், உங்கள் அடுப்புகளையும் உங்கள் கைகளையும் ஆசீர்வதிப்பாராக. எங்கள் ஊழியத்துக்காகத் தொடர்ந்து ஜெபித்துக்கொள்ளுங்கள். ஆமென்.